வெர்ஜீனியா ஆப்கார்

வெர்ஜீனியா ஆப்கார் (ஜூன் 7, 1909 – ஆகஸ்ட் 7, 1974) அமெரிக்காவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஆவார். பிறந்த குழந்தையின் உடல்நிலையை முதல் நிமிடத்திலேயே மதிப்பிடுவதற்கு இவர் 1952 இல் வகுத்த எளிய முறை, ஆப்கார் மதிப்பெண் என்று இவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியர் நிலையை எட்டிய முதல் பெண் இவரே. வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளைப் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் செலவிட்டார்.

ஆப்கார் மதிப்பெண் குறித்து ஒரு தவறான கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. குழந்தையின் பிற்கால அறிவாற்றலையும் உடல் வளர்ச்சியையும் அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க நீதிமன்றங்களிலும் அவ்வாறு வாதிடப்பட்டதுண்டு. ஆனால் எந்தக் குழந்தைக்கு அந்த நொடியில் உதவி தேவை என்று காட்டுவதற்காகவே அம்முறை உருவாக்கப்பட்டது. முதல் நிமிடத்துக்கும் பிற்கால வாழ்வுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பது, பல்லாயிரம் குழந்தைகளைப் பள்ளி வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்த பின்னரே தெளிவாயிற்று.

இளமை

ஆப்கார் நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் சார்லஸ் எமரி ஆப்கார், ஹெலன் ஆகியோருக்கு மூன்று குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்தார். அண்ணன்மார் இருவருள் ஒருவர் காசநோயால் சிறு வயதிலேயே இறந்தார். மற்றவர் நெடுநாள் நோயாளியாக இருந்தார். வீட்டில் நோயும் மருத்துவரும் பழகிப்போன சூழல் இவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியிருக்கலாம் என்று வரலாறு எழுதியோர் கருதுகின்றனர். தந்தை தொழிலால் வணிகர். வானியலிலும் கம்பியில்லாத் தந்தியிலும் பெரும் ஈடுபாடு உடையவர். 1915 இல் சேவில் என்னும் இடத்திலிருந்த ஜெர்மானிய வானொலி நிலையத்தின் செய்திகளை இவர் மெழுகு உருளைகளில் பதிவு செய்து அரசிடம் கொடுத்தது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

வீட்டில் இசையும் இருந்தது. ஆப்கார் சிறு வயதிலேயே வயலின் கற்கத் தொடங்கினார். பின்னர் வயோலாவும் செல்லோவும் வாசித்தார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியலை முதன்மைப் பாடமாகவும், உடலியங்கியலையும் வேதியியலையும் துணைப் பாடங்களாகவும் பயின்று 1929 இல் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்காகப் பல பகுதிநேர வேலைகள் செய்தார். அவற்றுள் ஒன்று கல்லூரி ஆய்வகத்துக்குப் பூனைகளைப் பிடித்துத் தருவது.

மருத்துவக் கல்வி

அதே ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கடன் வாங்கியே படிப்பை முடிக்க வேண்டியதாயிற்று. 1933 இல் வகுப்பில் நான்காம் இடம் பெற்றுத் தேறியபோது ஏறத்தாழ 4,000 டாலர் கடன் இருந்தது.

அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே இவரது விருப்பம். பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் அப்பயிற்சியைத் தொடங்கிச் சிறப்பாகவும் செய்தார். ஆனால் அறுவைத் துறைத் தலைவர் ஆலன் விப்பிள் அவ்வழியை விட்டு மயக்கவியலை மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். தாம் பயிற்றுவித்த பெண் அறுவை மருத்துவர்கள் தொழிலில் நிலைபெற முடியாமல் போனதை அவர் கண்டிருந்தார் என்பது ஒரு காரணம். மயக்கம் கொடுக்கும் முறை முன்னேறாமல் அறுவை மருத்துவம் முன்னேற முடியாது, அதற்குத் திறமையான மருத்துவர் வேண்டும் என்பது மற்றொரு காரணம். முதற் காரணம் அக்காலத்தின் அநீதி. இரண்டாவது சரியான கணிப்பு.

மயக்கவியல் அப்போது ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் செவிலியரே மயக்க மருந்து கொடுத்தனர். பயிற்சி தரும் இடங்களும் மிகச் சிலவே. ஆப்கார் முதலில் தம் மருத்துவமனைச் செவிலியரிடமே கற்றார். பின்னர் 1937 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்பவரிடமும், அடுத்து நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் எமெரி ரோவன்ஸ்டைன் என்பவரிடமும் ஆறு ஆறு மாதங்கள் பயின்றார். 1938 இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவின் தலைவரானார்.

அடுத்த பதினொரு ஆண்டுகள் எளிதானவையாக இல்லை. ஆட்கள் போதவில்லை, ஊதியம் குறைவு, அறுவை மருத்துவர்கள் மயக்க மருத்துவர்களைச் சமமாக மதிக்கவில்லை. இவற்றுக்கிடையே செவிலியர் செய்துவந்த பணியை மருத்துவர்கள் செய்யும் துறையாக மாற்றி, இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 1949 இல் அப்பிரிவு தனித் துறையாக உயர்ந்தபோது தலைமைப் பொறுப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. இமானுவேல் பேப்பர் என்னும் மருத்துவர் அதற்கு அமர்த்தப்பட்டார். ஆப்காருக்குப் பேராசிரியர் பதவி வழங்கப்பட்டது. நிர்வாகச் சுமை நீங்கியதால், மயக்க மருத்துவர்கள் பலரும் நாடாத பிரசவ அறையின் பக்கம் இவர் கவனத்தைத் திருப்பினார். அதே மருத்துவ வளாகத்திலிருந்த ஸ்லோன் மகளிர் மருத்துவமனை இவரது பணியிடமாயிற்று.

பிரசவ அறையின் நிலை

அமெரிக்காவில் 1930 களுக்கும் 1950 களுக்கும் இடையே குழந்தை இறப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பிறந்த முதல் நாளில் நேரும் இறப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. பிரசவ அறையில் இருந்தவர்களின் கண் பெரும்பாலும் தாயின் மீதே இருந்தது. குழந்தை பிறந்ததும் செவிலியர் எடுத்துச் சென்றுவிடுவார். அது எப்படி இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. மிகச் சிறியதாகவோ நீலம் பாய்ந்தோ மூச்சின்றியோ பிறந்த குழந்தை பிழைக்காது என்று எண்ணி ஒதுக்கி வைப்பதும் நடந்தது. எப்போது உயிர்ப்பிக்க முயல்வது, எப்போது விடுவது என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை.

தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து குழந்தையையும் சென்றடையும் என்பதால் மயக்க மருத்துவருக்கு இது நேரடியான பொறுப்பு. எந்த மருந்து குழந்தையைச் சோர்வடையச் செய்கிறது என்று அறியவேண்டுமானால், முதலில் குழந்தையின் சோர்வை அளக்கத் தெரியவேண்டும்.

ஆப்கார் மதிப்பெண்

1952 இல் ஒரு நாள் காலை மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டதாகவும், ஆப்கார் அருகில் கிடந்த அறிவிப்பு அட்டையொன்றில் ஐந்து குறிப்புகளை உடனே எழுதிக் காட்டிவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கு விரைந்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த ஐந்தும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அறுவைக்கூடத்தில் மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் ஒரு மயக்க மருத்துவர் நாள்தோறும் கவனிப்பவையே. அவற்றைப் பிறந்த குழந்தைக்குப் பொருத்தியதே இவரது புதுமை.

இதயத் துடிப்பு, மூச்சு முயற்சி, தூண்டலுக்கு எதிர்வினை, தசை இறுக்கம், தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படும். இதயம் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் துடித்தால் 2, அதற்குக் குறைந்தால் 1, துடிப்பே இல்லையெனில் 0. குழந்தை வீறிட்டு அழுதால் மூச்சுக்கு 2, மூச்சு மெதுவாகவோ ஒழுங்கற்றோ இருந்தால் 1. மூக்கில் மெல்லிய குழாயை நுழைத்தால் தும்மியோ இருமியோ எதிர்க்கும் குழந்தை 2 பெறும், முகம் சுளிப்பதோடு நின்றுவிட்டால் 1. கைகால்களை மடக்கி நன்கு அசைத்தால் 2, துவண்டு கிடந்தால் 0. உடல் முழுவதும் சிவந்திருந்தால் 2, உடல் சிவந்து கைகால்கள் மட்டும் நீலமாக இருந்தால் 1. மொத்தம் பத்து. ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைக்கும் முதல் நிமிடத்தில் கைகால்கள் நீலமாக இருப்பது இயல்பு. ஆகவே முழுப் பத்து அரிதாகவே கிடைக்கும். ஐந்தனுள் நிறமே குறைவாக நம்பத்தக்கது என்பதை ஆப்காரே உணர்ந்திருந்தார். கருமையான தோலுடைய குழந்தைகளிடம் இக்குறை இன்னும் மிகுதி.

பிறந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மதிப்பெண் இடவேண்டும் என்று வகுத்தார். குழந்தையின் சோர்வு பொதுவாக அப்போதுதான் வெளிப்படும், உதவிக்கும் காலம் தாழ்ந்திருக்காது என்பது அவரது அனுபவம். பிரசவம் பார்த்தவரே மதிப்பெண் இடக்கூடாது என்றும் வற்புறுத்தினார். தம் கையால் பிறந்த குழந்தை நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசையால் அவர் மதிப்பெண்ணைக் கூட்டிவிடக்கூடும் அல்லவா?

இம்முறையை 1952 இல் ஒரு மயக்கவியல் மாநாட்டில் எடுத்துரைத்து, 1953 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதன்படி, நிறைமாதக் குழந்தைகளுள் 0 முதல் 2 வரை பெற்ற பிரிவில் இறப்பு 14 விழுக்காடு. நடுத்தர மதிப்பெண் பெற்ற பிரிவில் 1.1 விழுக்காடு. 8 முதல் 10 வரை பெற்ற பிரிவில் 0.13 விழுக்காடு மட்டுமே. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, ஒரு கடிகாரமும் பார்க்கும் கண்ணும் போதும் என்பதால் இம்முறை விரைவாகப் பரவியது. பின்னர் ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் இடுவது வழக்கமாயிற்று. 1962 இல் ஜோசப் பட்டர்ஃபீல்டு என்னும் டென்வர் நகர மருத்துவர், இவர் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் கொண்டு ஐந்து அறிகுறிகளையும் நினைவில் வைக்கும் ஓர் உத்தியை வெளியிட்டார். அதனால் ஆப்கார் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியாமலே இன்றும் பல மாணவர்கள் அதைப் படிக்கின்றனர்.

மதிப்பெண்ணால் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் கணக்கில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் எழுதவேண்டும் என்றால், ஒவ்வொரு குழந்தையையும் யாராவது ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும். மூன்று என்று எழுதிய கை சும்மா இருக்காது. ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் முயற்சி இவ்வாறு வழக்கமாயிற்று.

வேதியியல் சான்று

வெறும் கண்ணால் இடும் மதிப்பெண் உடலினுள் நடப்பதை உண்மையில் காட்டுகிறதா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண ஆப்கார், டங்கன் ஹோலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் இணைந்து பணியாற்றினார். தொப்புள்கொடி இரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, அமிலத்தன்மை ஆகியவற்றை அளந்தனர். மதிப்பெண் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருந்தது. பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவாக இருப்பது இயல்பு, அதனால் தீங்கில்லை என்று அதுவரை நம்பப்பட்டு வந்தது. உடனடியாக மூச்சுக் கொடுப்பது ஏன் இன்றியமையாதது என்பதை இவ்வாய்வுகள் நிறுவின. அக்காலத்தில் பிரசவத்தில் பயன்பட்ட சைக்ளோபுரோப்பேன் என்னும் மயக்க வாயு குழந்தைகளைப் பிற முறைகளைவிட அதிகமாகச் சோர்வடையச் செய்கிறது என்பதும் இவ்வகையில் வெளிப்பட்டது. இவ்வாயு ஆப்கார் தாமே விரும்பிப் பயன்படுத்தி வந்தது. முடிவு தெரிந்ததும் அதைப் பிரசவத்தில் கைவிட்டார். 15,348 குழந்தைகளின் மதிப்பெண்களைக் கொண்ட இரண்டாம் அறிக்கை 1958 இல் வெளியாயிற்று.

மதிப்பெண்ணும் பிற்கால வளர்ச்சியும்

பிறக்கும்போது நேரும் இடர் பிற்காலத்தில் ஊனத்தை விளைவிக்குமா என்பது ஆப்காருக்கு முன்பே எழுந்த கேள்வி. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861 இல், கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைகால் விறைப்போடு தொடர்புபடுத்தினார். பெருமூளை வாதம் எனப்படும் இந்நிலை நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, நரம்பியல் மருத்துவராக இருந்தபோது 1897 இல் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். கருவிலேயே ஏற்பட்டுவிட்ட கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கக்கூடும் என்பது அவர் வாதம். இருவரும் ஊனமுற்ற குழந்தையிலிருந்து பின்னோக்கிச் சென்று பிறப்பைத் தேடினர். அவ்வழியில் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. மூச்சுத் திணறிப் பிறந்து பின் நலமாக வளர்ந்த குழந்தைகள் அக்கணக்கில் வரவே மாட்டார்கள்.

பிறந்த நாளிலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஆய்வுக்கு, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரு தொடக்கப் பதிவு தேவை. அதை ஆப்கார் மதிப்பெண் அளித்தது. அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நோய்கள் நிறுவனம் 1959 இல் தொடங்கிய கூட்டு ஆய்வில் பன்னிரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகள் பங்கேற்றன. 50,000 க்கும் மேற்பட்ட கருவுறுதல்கள் பதிவு செய்யப்பட்டன. பிறந்த குழந்தைகளுக்கு முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் இடப்பட்டது. தேறாத குழந்தைகளுக்கு 10, 15, 20 ஆம் நிமிடங்களிலும் தொடர்ந்து இடப்பட்டது. அக்குழந்தைகள் நான்கு மாதத்தில் ஒரு முறையும், எட்டு மாதத்தில் வளர்ச்சித் தேர்வுக்கும், ஒரு வயதில் நரம்பியல் தேர்வுக்கும், மூன்று வயதில் பேச்சு, செவித்திறன் தேர்வுக்கும், நான்கு வயதிலும் ஏழு வயதிலும் அறிவுத்திறன் தேர்வுக்கும் அழைக்கப்பட்டனர்.

இவ்வாய்வின் முடிவுகளை காரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் ஆகியோர் 1981 இல் வெளியிட்டனர். அப்போது ஆப்கார் உயிருடன் இல்லை. பிற்காலத்தில் பெருமூளை வாதம் கண்டறியப்பட்ட குழந்தைகளுள் 55 விழுக்காட்டினர் முதல் நிமிடத்தில் 7 முதல் 10 வரை பெற்றவர்கள். 73 விழுக்காட்டினர் ஐந்தாம் நிமிடத்தில் அதே நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். இதற்கு மறுதலையாக, பத்து நிமிடமோ அதற்கு மேலோ மூன்றுக்கு மிகாமல் இருந்து உயிர் பிழைத்த குழந்தைகளுள் 80 விழுக்காட்டினர் பள்ளி வயதில் பெரிய ஊனம் ஏதுமின்றி இருந்தனர். மதிப்பெண் குறைந்தே நீடித்த நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடியது என்பதும் உண்மை. இருபது நிமிடம் வரை தேறாத நிறைமாதக் குழந்தைகளில் பலர் இறந்தனர், பிழைத்தோருள் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெருமூளை வாதம் ஏற்பட்டது. ஆனால் அத்தகைய குழந்தைகள் மிகச் சிலரே.

இம்முடிவுகளைச் சரியாகப் படித்தல் வேண்டும். பெரும் எண்ணிக்கையிலான குழந்தைகளை ஒருசேர நோக்கினால் மதிப்பெண்ணுக்கும் பிழைப்புக்கும் உறுதியான தொடர்பு உண்டு. 2001 இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளியான ஆய்வில், ஐந்தாம் நிமிடத்தில் 0 முதல் 3 வரை பெற்ற நிறைமாதக் குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 244 பேர் முதல் மாதத்துக்குள் இறந்தனர். 7 முதல் 10 வரை பெற்றோருள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 0.2 மட்டுமே. எனினும் கண்ணெதிரே கிடக்கும் ஒரு தனிக் குழந்தை பின்னாளில் நடக்குமா, பேசுமா, படிக்குமா என்பதை அவ்வெண் சொல்லாது. குறைமாதக் குழந்தையிடம் இந்த ஐயம் மேலும் கூடும். தசை இறுக்கமும் எதிர்வினையும் கருவளர்ச்சியின் முதிர்வைப் பொறுத்தவை. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை நலமாக இருந்தாலும் துவண்டே தோன்றும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் மகப்பேறு மருத்துவர் அமைப்பும் கூட்டாக வெளியிட்ட அறிக்கைகள், தனி ஒரு குழந்தையின் பிற்கால நரம்பியல் நிலையைக் கணிக்க இம்மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாகாது என்று கூறுகின்றன.

பிறவிக் குறைபாடுகள்

1958 இல் ஆப்கார் பணியிலிருந்து விடுப்பு எடுத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றார். புள்ளியியலில் தமக்கிருந்த குறையைப் போக்கிக்கொள்வது நோக்கங்களுள் ஒன்று. 1959 இல் பட்டம் பெற்றபோது வயது ஐம்பது. கொலம்பியாவுக்குத் திரும்பாமல், மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று அழைக்கப்படும் அறக்கட்டளையில் பிறவிக் குறைபாடுகள் பிரிவின் தலைவராகச் சேர்ந்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938 இல் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்கத் தோற்றுவித்த அமைப்பு அது. 1955 இல் சால்க் தடுப்பூசி வெற்றி பெற்றதும், அடுத்த இலக்காகப் பிறவிக் குறைபாடுகளைத் தேர்ந்துகொண்டது.

அக்காலத்தில் ஊனத்துடன் பிறந்த குழந்தையைப் பற்றி வெளியில் பேசவே பெற்றோர் கூசினர். ஆப்கார் ஊர் ஊராகப் பயணம் செய்து மருத்துவர்களிடமும் தாய்மார்களிடமும் நன்கொடையாளர்களிடமும் உரையாற்றினார். 1964–65 இல் அமெரிக்காவில் ஜெர்மன் மணல்வாரி பெருந்தொற்றாகப் பரவியதில், ஏறத்தாழ 20,000 குழந்தைகள் செவிடு, கண்புரை, இதயக் குறை ஆகியவற்றுடன் பிறந்தன. கருவுற்ற தாயிடமிருந்து இந்நோய் குழந்தைக்குச் செல்வதைத் தடுக்கத் தடுப்பூசி வேண்டும் என்று இவர் வற்புறுத்தினார். 1969 இல் அத்தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. குறைமாதப் பிறப்பையும் அறக்கட்டளையின் இலக்குகளுள் ஒன்றாகக் கருதும் போக்குக்கு இவரும் துணை நின்றார். ஜோன் பெக் என்னும் இதழாளருடன் சேர்ந்து பெற்றோருக்காக எழுதிய நூல் 1972 இல் வெளிவந்தது. கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலும் குழந்தை மருத்துவம் கற்பித்தார்.

இவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1976 இல், அறக்கட்டளையும் மருத்துவர் அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. மருத்துவமனைகளை மூன்று நிலைகளாகப் பிரித்து, ஆபத்தான பிரசவங்களையும் குழந்தைகளையும் உரிய வசதியுள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை அது பரிந்துரைத்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஊர்தோறும் பெருக அது வழி வகுத்தது.

தொடர் கண்காணிப்பின் வளர்ச்சி

பிழைக்க வைப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்பதை அக்காலத்து மருத்துவர்கள் கசப்பான அனுபவத்தால் கற்றனர். 1940 களில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது. குழந்தைகள் சிவந்து நலமாகத் தோன்றின. வீட்டுக்குச் சென்ற சில மாதங்களில் அவற்றுக்குப் பார்வையில்லை என்று தெரியவந்தது. சுமார் 10,000 குழந்தைகள் இவ்வாறு கண்ணிழந்த பின்னரே, 1950 களின் நடுவில் மிகையான ஆக்சிஜனே காரணம் என்று கட்டுப்படுத்திய ஆய்வொன்று மெய்ப்பித்தது. மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் குழந்தை நன்றாக இருப்பது போதுமான சான்று அன்று என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை.

இதனால் தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் மருத்துவப் பிரிவுகள் உருவாயின. 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தோர், 32 வாரங்களுக்கு முன் பிறந்தோர், பிறக்கும்போது மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்டோர் ஆகியோர் பொதுவாக இவற்றில் சேர்க்கப்படுகின்றனர். விழித்திரை, செவித்திறன், தலைச் சுற்றளவு, தசை இறுக்கம் ஆகியன முதல் மாதங்களிலேயே சோதிக்கப்படும். தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது, உட்காருவது, தவழ்வது, முதல் சொற்கள் ஆகியன உரிய காலத்தில் வருகின்றனவா என்று பார்க்கப்படும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே வயதைக் கணக்கிடுவர். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை எட்டாம் மாதத்தில் உட்கார்ந்தால் அது தாமதம் ஆகாது. நான்சி பேய்லி 1969 இல் வெளியிட்ட வளர்ச்சி அளவைகளின் புதிய பதிப்புகள் இச்சோதனைகளில் பரவலாகப் பயன்படுகின்றன. தாமதம் தெரிந்த உடனே பயிற்சி தொடங்குவது இக்கண்காணிப்பின் பயன். சில சிக்கல்கள் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்கும்போதுதான் தலைகாட்டும் என்பதால் பல இடங்களில் பள்ளி வயது வரை இது நீள்கிறது.

ஆப்கார் மதிப்பெண்ணுக்கும் இதில் ஒரு சிறிய இடம் உண்டு. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 33.5 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்து, 72 மணி நேரம் அந்நிலையில் வைத்தால் மூளைச் சேதம் குறையும் என்று 2005 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எந்தக் குழந்தைக்கு இச்சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்யும் குறிப்புகளுள் ஒன்று, பத்தாம் நிமிட ஆப்கார் மதிப்பெண் ஐந்துக்கு மிகாதிருத்தல். சிகிச்சை பயன் தந்ததா என்பது அம்மதிப்பெண்ணால் அல்ல, ஒன்றரை வயதில் அக்குழந்தைகளை மீண்டும் அழைத்துப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது.

தனி வாழ்க்கையும் இசையும்

ஆப்கார் திருமணம் செய்துகொள்ளவில்லை. வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், காரையும் வேகமாகவே ஓட்டுவார். வழியில் யாருக்காவது மூச்சு நின்றால் உதவுவதற்காக மூச்சுக்குழாயும் சிறு கத்தியும் எப்போதும் உடன் வைத்திருந்தார். தோட்டக்கலை, தூண்டில் மீன்பிடிப்பு, அஞ்சல்தலை சேகரிப்பு ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குப் பின் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

மருத்துவமனையில் நோயாளியாக இருந்த கார்லீன் ஹட்சின்ஸ் என்னும் இசைக்கருவி வடிவமைப்பாளருடன் ஏற்பட்ட நட்பால் இசைக்கருவிகளைத் தாமே செய்யக் கற்றார். வயலின், மெஸ்ஸோ வயலின், வயோலா, செல்லோ ஆகிய நான்கையும் தம் கையால் செய்தார். 1957 இல் வயோலாவின் முதுகுப் பலகைக்கு ஏற்ற மேப்பிள் மரம் மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டின் தட்டுப் பலகையில் இருப்பதைக் கண்டு, இருவரும் ஓர் இரவில் அதைக் கழற்றி எடுத்து, அதைப் போன்ற வேறொரு பலகையைப் பொருத்திவிட்டனர். இக்களவைப் பற்றி அவரே பின்னாளில் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

மறைவும் நினைவும்

கல்லீரல் நோயால் பாதிக்கப்பட்ட ஆப்கார், 1974 ஆகஸ்ட் 7 அன்று தாம் பயின்று பணியாற்றிய கொலம்பியா-பிரெஸ்பிடேரியன் மருத்துவ வளாகத்திலேயே காலமானார். இறுதிவரை ஓய்வு பெறவில்லை.

1994 அக்டோபர் 24 அன்று அமெரிக்க அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த 20 சென்ட் அஞ்சல்தலையை வெளியிட்டது. டல்லாஸ் நகரில் குழந்தை மருத்துவர் மாநாட்டில் நடந்த அவ்விழாவில், ஆப்கார் செய்த கருவிகளைக் கொண்டு மருத்துவர்கள் நால்வர் இசை நிகழ்த்தினர். தொலைபேசிக் கூண்டின் பலகையால் ஆன வயோலாவும் அவற்றுள் ஒன்று. 1995 இல் அமெரிக்கத் தேசிய மகளிர் புகழ் மன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. மருத்துவர்கள் சிலர் அந்நான்கு கருவிகளையும் விலைக்கு வாங்கிக் கொலம்பியா மருத்துவக் கல்லூரிக்கு அளித்தனர்.